குட்டைக்கு மேலே ஒரு தெரு

நான் வரைந்த கட்டடம் ஒன்று, புதுமனை புகுவிழா நடந்த அன்றே, என் கண்ணெதிரிலேயே மண்ணுக்குள் இறங்கியது. பிளான் போடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, பெருமையாகச் சொல்லிக்கொள்ளச் சில கட்டடங்களும் எனக்கு நினைவுக்கு வந்தன. அவை எல்லாம் ஒழுங்காக நிற்கின்றன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. இறங்கிப்போன ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அறுபதுகளின் நடுவில் விருத்தாசலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். டிராயிங் பரீட்சையில் லோயரும் ஹையரும் பாஸ் பண்ணியிருந்தேன். எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் சொல்லிவிட்டதால், வீட்டுக்குப் பிளான் போட்டுக் கொடுக்கும் ஒரு சர்வேயர் என்னைச் சேர்த்துக்கொண்டார். அவர் பெயர் வேண்டாம். சர்வேயர் சார் என்றே சொல்கிறேன். ஒரு பெண்ணுக்கு வரைபலகை முன்னால் ஸ்டூல் போட்டுக் கொடுக்க அந்த ஊரில் அன்றைக்கு வேறு யாரும் முன்வரவில்லை. கொஞ்ச நாளில் ஊரில் எனக்குப் ‘பிளானம்மா’ என்று பெயர் வந்துவிட்டது.

சேர்ந்த புதிதில் மாதத்துக்கு ஒரு பிளான் வந்தால் அதிகம். தேர் வீதிகளைத் தாண்டினால் நாட்டு ஓடும் கூரையும்தான். பிறகு பீங்கான் சூளைகள் பெருகின. ஊர் எல்லையில் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாக எழும்பின. பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் நஷ்டஈட்டோடு இங்கே வந்து மனை தேடினார்கள். எல்லோருக்கும் மாடி வைத்த மெத்தை வீடு வேண்டும், கீழே கடை வேண்டும். ஓட்டு வீடுகளின் முன்பக்கத்தை இடித்துவிட்டு இரும்பு ஷட்டர் போட்டார்கள். எழுபதுகள் பிறந்தபோது வாரத்துக்கு நாலு பிளான் போட்டுக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு வேகம் என்றால், என் அம்மாவுக்குக் காலில் எலும்பு முறிந்து நான் ஒரு மாதம் லீவில் இருந்துவிட்டுத் திரும்பியபோது, பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தவள் வழி தவறிவிட்டேன். லாரிகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தெரு இருந்தது. நேராக வந்து, காரணமே இல்லாமல் வயிறு தள்ளினாற்போல வளைந்து, மறுபடி நேராகப் போகும். அந்த வளைவில்தான் நான் தினமும் திரும்புவேன். வளைவையே காணவில்லை. தெருவை நேராக்கிவிட்டார்கள். வளைவுக்குள் காலியாகக் கிடந்த இடத்தில் மனைக்கல் நட்டிருந்தார்கள். நடுத்தெருவில் நின்று திகைத்தேன். ஒரு தெரு எதற்காக வளைந்து போயிற்று என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அந்த மனைகளில் ஒன்றை வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்தவர்கள் தங்கராசுவும் அவர் மனைவி அஞ்சலையும். கம்மாபுரத்துப் பக்கத்துக் கிராமம். இருவரும் நாற்பதைத் தாண்டியவர்கள், விவசாயக் குடும்பம். இருந்த நிலம் முழுவதும் சுரங்கத்துக்குப் போய்விட்டது.

“எங்க நெலத்துல இப்ப இன்னா இருக்குது தெரியுமாம்மா?” என்று தங்கராசு என்னைக் கேட்டார். “பள்ளம். பனமரத்த நிக்க வச்சாலும் முழுவிப் போவும். அங்கதான் நான் ஏர் ஓட்டுனேன். போயி எட்டிப் பாத்தேன், தல சுத்திடுச்சி. அதான் சொல்றேன், வூட்ட நல்லா ஒசரமா போட்டுக் குடுங்க. கீழ ரெண்டு கடை, மேல நாங்க.”

அஞ்சலை அதிகம் பேசவில்லை. “எனக்கு சமையக்கட்டுல வெளிச்சம் வரணும். அம்மாந்தான்” என்றார்.

மனையின் சுற்றுப்புறத்தைக் காட்டும் படத்துக்காக, ஆபீஸில் சுருட்டி வைத்திருந்த பழைய ஊர் வரைபடத்தை விரித்தேன். துணியில் எடுத்த நகல், மடிப்பெல்லாம் நைந்திருந்தது. தங்கராசுவின் மனை வரவேண்டிய இடத்தில், முட்டை வடிவத்தில், வெளிறிய நீலம் பூசியிருந்தது. அதற்குள் பொடி எழுத்தில் ‘குட்டை’.

சர்வேயர் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“இது எந்தக் காலத்து மேப்பு? போயி எடத்தப் பாரும்மா. லாரி நிக்குது அங்க. லாரியத் தாங்கற மண்ணு வூட்டத் தாங்காதா?”

போய்ப் பார்த்தேன். உண்மைதான், இரண்டு லாரிகள் நின்றன. தரையெங்கும் பீங்கான் உடைசல் மினுங்கியது. கோப்பையின் காது, ஜாடியின் கழுத்து, ஒரு பொம்மையின் பாதி முகம். பல வருஷமாகச் சூளைகளின் கழிவையும் சாம்பலையும் வண்டி வண்டியாக அங்கே கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். செருப்புக் காலால் ஓங்கி மிதித்தேன். கெட்டியாக இருந்தது. திரும்பி வந்து, நீலத்தை விட்டுவிட்டு என் படத்தை வரைந்தேன். பொய் வரைகிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பழையதை விட்டுவிட்டு இருப்பதை வரைகிறோம் என்றுதான் நினைத்தேன். இன்றுவரை நான் செய்ததில் பெரிய தப்பு அது. மை ஒழுகவில்லை, அளவு பிசகவில்லை. படம் அவ்வளவு அழகாக வந்திருந்தது.

கடைக்கால் தோண்டியபோது நாலடியில் கடப்பாரை டங்கென்று சத்தம் போட்டது. பாறை போல இருக்கிறது என்று கொத்தனார் சந்தோஷப்பட்டார். நாங்களும் பட்டோம். அது இறுகிக் கிடந்த உடைசல். அதற்குக் கீழே என்ன என்று யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

வீடு எழும்பியது. ஐப்பசி கார்த்திகை மழையை வெள்ளை அடிக்காத சுவர்களோடு தாங்கி நின்றது. தை பிறந்ததும் சுண்ணாம்பு அடித்து, நல்ல நாள் பார்த்தார்கள். என்னையும் சர்வேயர் சாரையும் வீட்டுக்கு வந்து அழைத்தார்கள்.

விடியற்காலையில் பால் காய்ச்சினார்கள். கூடத்தின் நடுவில் புது அடுப்பு, பித்தளைப் பானை. பால் பொங்கி வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். வழிந்த பால் தரையில் சின்ன ஓடையாகக் கிளம்பிப் பின்பக்க மூலையைப் பார்த்து ஓடியது.

“பாரேன், எம்மாம் அழகா ஓடுது” என்று யாரோ சொன்னார்கள்.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கூடத்தின் தரை வாசல் பக்கம் சரிய வேண்டும். கழுவி விட்ட தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போக வேண்டும் என்று வாட்டத்தைக் குறித்துக் கொடுத்தவள் நான். போன மாதம் குடத்துத் தண்ணீரைக் கொட்டிச் சரிபார்த்தவளும் நான்தான். இப்போது பால் எதிர்ப்பக்கம் ஓடுகிறது.

பின்னறைக்குப் போனேன். கதவு சாத்தவில்லை, நிலையில் இடித்தது. கதவுக்கு மேலே, இரண்டு நாளுக்கு முன்னால் அடித்த வெள்ளையைக் கிழித்துக்கொண்டு, சாய்வாக ஒரு விரிசல். கையிலிருந்த அழைப்பிதழை மடித்துச் செருகினேன். பாதி உள்ளே போயிற்று.

சர்வேயர் சார் பந்தலில் காபி குடித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன்.

“பூச்சு வெடிப்பும்மா. புதுச் சுவருன்னா வரத்தான் செய்யும். நல்ல நாளும் அதுவுமா ஏதாச்சும் சொல்லி வைக்காத.”

அவர் முப்பது வருஷ அனுபவக்காரர். நான் அவரிடம் தொழில் கற்றவள். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தேன்.

மாடியில் டிபன் பந்தி ஆரம்பித்தது. இட்லி, பொங்கல், கேசரி. நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். முதல் பந்தி முடிந்து இரண்டாம் பந்தி உட்கார்ந்ததும் மறுபடி பின்னறைக்குப் போய்ப் பார்த்தேன். விரிசல் என் பென்சில் கோட்டைத் தாண்டி ஒரு சாண் போயிருந்தது. சுவருக்குள்ளிருந்து பொடி உதிரும் சத்தம், காகிதப் பைக்குள் எறும்பு ஊர்வது போல, கேட்டுக்கொண்டே இருந்தது. மாடிப்படி அந்த மூலையை ஒட்டித்தான் ஏறுகிறது. வேறு படி கிடையாது. அதை அங்கே வைத்ததும் நான்தான்.

கத்த வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. கத்தினால் ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் அந்தப் படியில் இறங்குவார்கள். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். கத்தவில்லை. இளையவர்களே, இந்த வேலையில் உண்மையைக் கண்டுபிடிப்பது பாதிதான். அதை யாரிடம் முதலில் சொல்வது என்று தெரிந்துகொள்வதும் வேலையில் சேர்த்தி. நான் தங்கராசுவிடம் போகவில்லை. அஞ்சலையைத் தேடிப் போனேன். பந்தலில் சாம்பார் வாளியோடு நின்றார்.

“அக்கா, வூடு எறங்குது.”

“எறங்குதுன்னா?”

“பின்மூலை மண்ணுக்குள்ள போவுது. மேல இருக்கறவங்க கீழ வரணும். ஓடி வரக் கூடாது. ஓடுனா படி தாங்காது.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். நிச்சயமா என்று கேட்கவில்லை. எப்படி என்று கேட்கவில்லை. வாளியைக் கீழே வைத்தார், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறினார். நான் படியின் அடியில் நின்றுகொண்டேன்.

“எல்லாரும் மன்னிச்சிக்கணும்” என்று அவர் குரல் மேலிருந்து கேட்டது. கொஞ்சம்கூட நடுங்கவில்லை. “மேல எடம் பத்தல. கீழ பந்தல்ல எல போட்டாச்சி. கைப்புள்ளக்காரங்க மொதல்ல எறங்குங்க. அப்பறம் சன்னலோரத்து வரிசை. ஒருத்தர் பின்னால ஒருத்தரா வாங்க, புதுப் படி வழுக்கும்.”

“இன்னா அஞ்சலை, எலையில சாம்பாரு ஊத்திட்டு எழுப்பற?” என்று ஒரு ஆண்குரல் கோபப்பட்டது.

“மாமா, உங்களுக்குக் கீழ புது எல, ரெண்டு கேசரி. எழுந்திரிங்க.”

சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். நான் ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டு, முந்தியவர் வாசலைத் தாண்டிய பிறகே அடுத்தவரைப் படியில் கால் வைக்க விட்டேன். இடையில் சர்வேயர் சார் எதற்கோ உள்ளே வந்தவர், பின்னறைப் பக்கம் திரும்பினார். என் பென்சில் கோடும் அதைத் தாண்டிப் போன விரிசலும் அவர் கண்ணில் பட்டன. வெளியே போய், பந்தலில் இருந்தவர்களைத் தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு நகர்த்த ஆரம்பித்தார்.

எல்லோரும் இறங்கிவிட்டார்கள். தங்கராசு இறங்கவில்லை. அஞ்சலை மேலேயே இருந்தார். நானும் மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். காலி இலைகளுக்கு நடுவே தங்கராசு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“நான் வரல. நெலத்த வுட்டு எறங்குன்னாங்க, எறங்குனேன். வூட்ட வுட்டு எறங்குன்னாங்க, எறங்குனேன். இங்கயும் எறங்கச் சொன்னா எங்க போறது? எது வந்தாலும் வரட்டும்.”

“அண்ணே, நேரம் இல்ல, வாங்கண்ணே” என்று கெஞ்சினேன்.

அஞ்சலை அவருக்கு எதிரே, ஒரு எச்சில் இலையைத் தள்ளிவிட்டு, உட்கார்ந்தார்.

“நீ சொல்றது நியாயந்தான்யா. நான் அந்த வூட்ட வுட்டும் வந்தேன், இந்த வூட்ட வுட்டும் போவேன். உன்ன வுட்டுட்டுப் போவ மாட்டேன். நீ உக்காந்தா நானும் உக்காந்துக்கறேன்.”

சுவருக்குள் ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. தங்கராசு எழுந்தார். அஞ்சலையின் கையைப் பிடித்துத் தூக்கினார். மூன்று பேரும் படியிறங்கி, கூடத்தைத் தாண்டி, தெருவுக்கு வந்தோம்.

கட்டடம் இடிந்து விழும் என்றுதான் நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நானும் எதிர்பார்த்தேன். அது விழவில்லை, உட்கார்ந்தது. வயதான மாடு பின்கால்களை மடக்குவது போல, பின்பக்கம் மெதுவாகக் கீழே போயிற்று. மாடிப்படி சுவரிலிருந்து பிரிந்து சாய்ந்தது. மேல்தளம் பின்பாதியில் மட்டும் முறிந்து இறங்கியது. வெள்ளைத் தூசி தெருவை மூடியது. தூசி அடங்கியபோது, வாசலில் கட்டியிருந்த வாழைமரம் அசையாமல் நின்றது. முன்பாதி வீடு புதுக்கருக்கோடு அப்படியே இருந்தது. உள்ளே, பால் ஓடிப்போய்த் தேங்கிய மூலையில், தரை வெடித்துப் பழுப்புத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அதில் பீங்கான் துண்டுகள் மினுங்கின.

யாரும் அழவில்லை. சர்வேயர் சார் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது.

முதலில் வாய் திறந்தவர் எதிரே டீக்கடை வைத்திருந்தவர். “கொட்டதான இது? கொட்ட திரும்பி வந்துடுச்சி” என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். “இங்க குட்டை இருந்துதுன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணே?”

“தெரியாம? நான் நீச்சல் கத்துக்கிட்டதே இங்கதான். தெருவே அத சுத்திக்கிட்டுத்தான போச்சி. இங்க எல்லாருக்கும் தெரியும்.”

“ஏன் யாருமே சொல்லல?”

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “நீங்க வந்து காலால ஒதச்சிப் பாத்தீங்களேம்மா. படிச்சவங்க, படம் போடறவங்க. உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னு நெனச்சோம்.”

வீடு இறங்கியதைவிட இந்தப் பதில்தான் என்னை உலுக்கியது. அவர்கள் எங்கள் படத்தை நம்பினார்கள். நாங்கள் லாரியை நம்பினோம். கேட்டிருந்தால் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் தெரிந்திருக்கும்.

ஒரு வாரம் போயிற்று. பிறகு அஞ்சலையின் உறவுக்காரர் வீட்டுக்குப் போனேன். இருவரும் அங்கேதான் தங்கியிருந்தார்கள். பழைய வரைபடத்தையும் எடுத்துப் போயிருந்தேன். விரித்து, நீலத்தைக் காட்டி, நான் பார்த்தேன் என்றும், பார்த்துவிட்டுத்தான் விட்டேன் என்றும் சொன்னேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளும் மனநிலையில்தான் போயிருந்தேன்.

அஞ்சலை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தங்கராசு வெகுநேரம் குனிந்து அந்த நீலத்தையே பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எம்மாம் பெருசும்மா இந்தக் கொட்ட?”

அவர் விரலை நீலத்தின் ஓரத்தில் வைத்துச் சுற்றிக்கொண்டு வந்தார். “என் வூடு இந்த மூலைக்குள்ளதான வருது? மிச்சத்து மேல யாரு இருக்காங்க?”

இறங்கிப்போன வீட்டை மட்டும் நினைத்து அழுதுகொண்டிருந்த எனக்கு அது தோன்றவே இல்லை.

குட்டையின் எல்லையை அளந்து பார்க்க, சர்வேயர் சாரிடம் நிலம் அளக்கும் சங்கிலியைக் கேட்டேன். விசாரித்தவர்களிடம் தப்பு முழுவதும் தன்னுடையது என்று அவர் ஏற்கனவே எழுதிக் கொடுத்திருந்தார். என் பெயரை அதில் சேர்க்கவே இல்லை. “அன்னிக்கே நீ கேட்ட. நான் வரலம்மா, எனக்கு அந்தத் தெருவுல நடக்க முடியாது. நீ போ” என்று சங்கிலியை எடுத்துக் கொடுத்தார். அதன் பிறகு அவர் ஒரு பிளானிலும் கையெழுத்துப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நேராக அந்தத் தெருவுக்குப் போனேன். தங்கராசு ஒரு வாளி சுண்ணாம்புப் பொடியோடு காத்திருந்தார். வரைபடத்தில் இருந்த பழைய கிணறு ஒன்று அப்போதும் இருந்தது, அதிலிருந்து அளந்தோம். நான் இடத்தைச் சொல்லச் சொல்ல, அவர் பொடியைத் தூவி வந்தார். டீக்கடைக்காரரும் கூட வந்து, “இங்க படித்துற, கொஞ்சம் உள்ள வாங்க” என்று திருத்தினார். கோடு தெருவைக் குறுக்காகத் தாண்டியது. ஒரு சைக்கிள் கடையின் நடுவில் புகுந்து பின்னால் வெளியே வந்தது. ஒரு வீட்டின் மாட்டுக்கொட்டகையை வெட்டியது. சனங்கள் வெளியே வந்து, தங்கள் வாசல் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று குனிந்து பார்த்தார்கள். தங்கராசுவின் வீட்டைத் தவிர மொத்தம் ஆறு வீடு உள்ளே வந்தது. அதில் இரண்டு, நான் பிளான் போட்டவை.

ஆறாவது வீடு புதிது. நான் போட்ட இரண்டில் அது ஒன்று. வீட்டுக்காரர் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோடு அவருடைய பின்னறைக்குள் நுழைய வேண்டும். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பிளானம்மா, கோட்ட சொவத்துக்கு அந்தப் பக்கமா தள்ளிப் போட்டுடுங்க. ரெண்டு அடிதான. பொண்ணுக்கு சேத்தியாத்தோப்புல சம்பந்தம் பேசிக்கிட்டு இருக்கோம். வூடு கொட்டயில நிக்குதுன்னு தெரிஞ்சா வருவாங்களா?”

அவர் கை கூப்பினார். அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் நின்றதைப் பார்த்தேன். இரண்டடிதான், என் அளவிலேயே அவ்வளவு பிசகு இருந்திருக்கலாம். துணி வரைபடம் அவ்வளவு துல்லியமும் இல்லை.

“எந்த ரூம்புல பொண்ணு படுக்குது?” என்று தங்கராசு கேட்டார்.

வீட்டுக்காரர் பின்னறைப் பக்கம் பார்த்தார்.

“என் வூட்டுக்கும் கோடு இருந்துச்சிங்க. யாரும் போடல” என்றார் தங்கராசு.

நான் இடத்தைக் காட்டினேன். தங்கராசு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், அறைக்கு நடுவே, கட்டிலுக்கு அடியில் குனிந்து, கோட்டைப் போட்டுவிட்டு வந்தார். வீட்டுக்காரர் எங்களை ஒரு வார்த்தை திட்டினார். நாங்கள் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினோம்.

மறுநாள் ஆபீஸுக்குப் போகும்போது அந்த வழியாகவே போனேன். தெருவில் இருந்த கோட்டை யாரோ தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார்கள். ஆனால் ஆறாவது வீட்டு வாசல் திறந்திருந்தது. கட்டில் முன்னறைக்கு வந்திருந்தது. அந்தப் பெண் அதில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள்.